ஒரு ஜனவரி நாள்

இங்கெலிஸே கேட்டது ஒரே கேள்வி:
"என் வீட்டுக் குழாயிலும் வருவாரா?"

பதினேழு வருடமாக இந்த உலையில் வேலை.
அழுகை கேட்டிருக்கிறேன், வாரிசுச் சண்டை கேட்டிருக்கிறேன்,
மோதிரம் எங்கே என்று ஒருமுறை காவலரோடு வந்தார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

வட யூட்லாண்டில்
ஃபியோர்டுக்கு முதுகு காட்டி நிற்கும் ஊர் எங்களுடையது.
உலைப் புகையை அப்படியே வானத்துக்கு விட முடியாது.
பல் அடைத்த பாதரசத்தை வடிகட்டி பிடிக்கவேண்டும்;
வடிகட்டிக்குச் சூடு ஆகாது.
புகையைக் குளிர்விக்கிறோம்.
குளிர்வித்த தண்ணீர் கொதிப்பேறித் திரும்புகிறது.
அதைக் கடலில் கொட்டவா?
நகராட்சி கூடிப் பேசியது, பாதிரியார் தலையசைத்தார்,
தெருவுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயோடு சேர்த்துவிட்டோம்.
நூலகம், நீச்சல்குளம், பல் மருத்துவர்,
இங்கெலிஸே ஹவ்கோரின் சமையலறை.

கணக்கைச் சொன்னேன். எனக்குப் பொய் வராது.

ப்ரெபென் அறுபத்திரண்டு கிலோ.
பாதிக்குமேல் தண்ணீர்.
அது முதலில் ஆவியாகவேண்டும்.
அந்த ஆவிக்கு நெருப்புத் தருவது நாங்கள், அவரல்ல.
பிறகு கொழுப்பு. ஒல்லி மனிதர், அதுவும் கொஞ்சம்தான்.
பெட்டியின் பைன் பலகை அவருக்குச் சமமாய் எரியும்.
கூட்டிக் கழித்தால்
ஒரு வீட்டுக்கு ஒரு ஜனவரி நாள்.
அதுவும் தாராளமாய்ச் சொன்னால்.

"ஒரு நாளா?"
கைப்பையைத் திறந்தார், மூடினார்.
"நாற்பத்தாறு வருடம்
ரேடியேட்டர் குமிழை இரண்டுக்கு மேல் திருப்ப விட்டதில்லை அந்த மனுஷன்.
குளிருதா, இன்னொரு ஸ்வெட்டர் போடு.
காசு என்ன குழாயிலா வருகிறது?"

சிரித்துவிட்டேன். கூடாது, வேலை விதி.
அவரும் சிரித்தார், என்னைவிடச் சத்தமாக.

வியாழன் காலை ஒன்பது பத்துக்குக் கதவு இறங்கியது.
கண்ணாடித் துளை வழியே பார்ப்பது என் கடமை.
பார்த்ததைச் சொல்வது கடமையில்லை.

ஆற்றல் அழியாது என்று பள்ளியில் படித்தேன்.
சரிதான், சிந்தாமல் சிதறாமல் வந்தது;
என்னிடம் மீட்டர் இருக்கிறது.
தொலைந்தது வேறு.
தகரப் பெட்டியில் பழைய பேருந்துச் சீட்டுகளை
அவர் அடுக்கிவைத்த வரிசைக்கான காரணம்.
குமிழை நோக்கி நீளும் கட்டைவிரலின் அவசரம்.
'ஸ்வெட்டர் போடு' என்பதில் இருந்த எரிச்சல்,
அதில் எத்தனை பங்கு எரிச்சல் இல்லை என்பது.
இதற்கெல்லாம் நாங்கள் குழாய் பதிக்கவில்லை.

மதியம் தொலைபேசி.
"ஐந்தில் வைத்திருக்கிறேன். எல்லா அறையிலும்."
நல்லது என்றேன்.
"ஜன்னல்களையும் திறந்துவிட்டேன்."
ஜன்னலையா? வெளியே மைனஸ் எட்டு.
"ஆமாம்," என்றார் இங்கெலிஸே,
"வந்து திட்டட்டும்."

அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.
காற்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து
வாங்கியின் உள்ளே ஊதிக்கொண்டிருந்தது.
அவர் வீட்டுக்குள் நுழைந்த சூட்டில்
எது ப்ரெபென், எது பைன், எது எரிவாயு,
ஊருக்குக் கிழக்கே குப்பை எரிக்கும் ஆலையின் பங்கு எவ்வளவு
என்று பிரிக்கவே முடியாது;
அதைச் சொல்லவில்லை.
பொய் வராதவளுக்கு
சும்மா இருக்க வரும்.

மாலை சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போனேன்.
என் வீட்டுக்கு அது வழியில்லை.
ஜன்னல்கள் இன்னும் திறந்தே.
திரைச்சீலை வெளியே வந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஒரு ஜன்னலடியில் மட்டும் பனி இளகி
கையகலம் கறுப்பு மண்.
அதில் யார் வீட்டுப் பூனையோ
நான்கு காலையும் அடக்கி உட்கார்ந்திருந்தது.

கதவைத் தட்டலாமா என்று நின்றேன்.
விரல் விறைத்தது.
கையுறையை மாட்டிக்கொண்டு
பெடலை மிதித்தேன்.
நாளை இரண்டு பேர் இருக்கிறார்கள்,
முதலாமவர் எட்டரைக்கு.